இதுக்கு என்ன பேர்?

மரத்துக்கு ஏன் மரம் என்று பெயர்? காரணம் எதுவும் இல்லை. முன்னால் இருந்தவர்கள் அப்படி அழைத்தார்கள், நாமும் அழைக்கிறோம். பள்ளிக்கூட இலக்கணத்தில் இதற்கு இடுகுறிப்பெயர் என்று பெயர். நாற்காலி அப்படி இல்லை. நான்கு கால் இருப்பதால் நாற்காலி. அது காரணப்பெயர். இதற்குள்ளேயே பொது, சிறப்பு என்று இன்னொரு பிரிவும் உண்டு. பறவை என்றால் பறக்கிற எல்லாவற்றுக்கும் பொது. மரங்கொத்தி என்றால் அது ஒன்றுக்கு மட்டும்தான். நன்னூல் வழியாக வந்த இந்தப் பாகுபாட்டை நாமெல்லாம் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், அந்த வருஷத்தோடு மறந்தும் விட்டோம்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களாகச் சம்பளத்துக்கு புரோகிராம் எழுதுகிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ கணக்குப் போடுகிற வேலை மாதிரி தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், நாளில் பெரும்பகுதி பெயர் வைப்பதிலும், அடுத்தவர் வைத்த பெயருக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதிலும்தான் போகிறது. இந்த வேலைக்குப் பயன்படுகிற பாடம் பொறியியல் கல்லூரியின் எந்தப் பேப்பரிலும் இல்லை. அந்த இரண்டு மார்க் இலக்கணக் கேள்வியில் இருக்கிறது.

புரோகிராம் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு மதிப்பை எடுத்துவைத்துப் பின்னால் பயன்படுத்த, அதற்கு ஒரு பெயர் கொடுப்போம். அதுதான் வேரியபிள். தமிழில் மாறி. புரோகிராமில் வருகிற மற்ற சொற்களில் பெரும்பாலானவை அந்த மொழியை உருவாக்கியவர்கள் நமக்குக் கொடுத்தவை. 'இஃப்' என்றால் எல்லோருக்கும் 'இஃப்'தான். நம் கையில் விட்டிருப்பது பெயர்கள் மட்டும். அந்தப் பெயர் மெஷினுக்குத் தேவையும் இல்லை. சி மொழியில் எழுதிய புரோகிராமை கம்பைலர் மெஷின் மொழிக்கு மாற்றும்போது, ஒரு ஃபங்ஷனுக்குள் நாம் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் வழக்கமாகக் காணாமல் போய்விடும். மெஷினுக்கு முகவரி போதும். பெயர் மனிதனுக்கு மட்டும்தான். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்க்கப்போகிற இன்னொருவருக்கு. பல சமயம் அந்த இன்னொருவர் நாமேதான்.

இவ்வளவு இருந்தும், புரோகிராம் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற யாரிடமும் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யாரும் பேசுவதில்லை. கரும்பலகையில் ஏ, பி, சி என்று எழுதுவார்கள். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் சி. மாணவர்களும் அதையே எழுதுவார்கள்.

*

இந்த ஒற்றை எழுத்துப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் கணக்குப் பாடத்திலிருந்து. மீதி பற்றாக்குறையிலிருந்து. 1957-இல் ஐபிஎம் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது ஒரு மாறியின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆங்கில எழுத்து 'ஐ' முதல் 'என்' வரைக்குள் ஆரம்பிக்கிற பெயர் என்றால் அது முழு எண், மற்றவை தசம எண் என்று ஒரு விதியும் இருந்தது. இன்றைக்கும் லூப் எழுதும்போது கை தானாக 'ஐ' என்று தட்டுகிறதே, அதில் கணிதத்துக்கும் பங்கு உண்டு, இந்த விதிக்கும் பங்கு உண்டு. 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த பேசிக் இன்னும் கறார். ஒரே ஒரு எழுத்து, வேண்டுமானால் பின்னால் ஒரு இலக்கம். அவ்வளவுதான். யுனிக்ஸில் ஃபைல் உருவாக்கும் கட்டளை 'கிரியேட்'. அதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி 'இ'யைக் காணோம். யுனிக்ஸைத் திரும்ப எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் சொன்னதாக ஒரு கதை எங்கள் வட்டாரத்தில் பிரபலம்.

தந்தி நினைவிருக்கிறவர்களுக்கு இது புரியும். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்பதைக்கூட மூன்று சொல்லில் முடிப்பார்கள். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. தந்தி போன பிறகு யாரும் வீட்டில் தந்தி மொழியில் பேசிக்கொண்டிருக்கவில்லை. புரோகிராம் உலகில் மட்டும் சொல்லுக்குக் காசு வாங்குவதை நிறுத்திப் பல காலம் ஆகியும் தந்தி அடித்துக்கொண்டே இருக்கிறோம்.

சோம்பேறித்தனம், வேறென்ன என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை ஒரு மாணவி எனக்குச் சொன்னாள்.

*

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கு பைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, அவர்களில் பலருக்குக் கல்லூரிக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்தது. உள்ளே போனதும் எல்லாம் ஆங்கிலம்.

அந்த மாணவி கணக்கில் கெட்டி. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் வழி சொல்லிவிடுவாள். ஆனால் அவளுடைய புரோகிராமைத் திறந்தால் ஏ, பி, சி, டி, ஏ1, ஏ2, ஏஏ. நான்கு வாரம் ஆகியும் இதேதான். நானும் வழக்கமான அறிவுரையைச் சொல்லிப் பார்த்தேன்: அர்த்தமுள்ள பெயரா வை, படிக்கிறவங்களுக்குப் புரியணும். தலையை ஆட்டுவாள். அடுத்த வாரம் மறுபடி ஏ, பி, சி.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏன் இப்படியே எழுதுற?"

கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்பெல்லிங் தப்பாப் போகாதுண்ணா" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். முதல் வாரம் கல்லூரி லேபில் சராசரி கண்டுபிடிக்கிற புரோகிராம். 'ஆவரேஜ்' என்று பெயர் வைத்தாள். மேலே ஒரு ஸ்பெல்லிங், கீழே ஒரு ஸ்பெல்லிங். பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். அப்படி ஒரு பெயரே இல்லை என்று சிவப்பு எழுத்தில் எரர். பின்னால் நின்றவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். கணக்கு சரி, வழி சரி, விடை வரவில்லை. அன்றிலிருந்து ஒற்றை எழுத்து. ஒற்றை எழுத்தில் யாரும் பிழை கண்டுபிடிக்க முடியாது.

நாம் சோம்பேறித்தனம் என்று நினைத்தது அவளுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம். 'அர்த்தமுள்ள பெயர் வை' என்கிற அறிவுரைக்குள் 'ஆங்கிலத்தில்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்பவர் காதில் அது விழுவதே இல்லை. கேட்பவருக்கு அது மட்டும்தான் கேட்கிறது.

*

அந்த வாரப் பயிற்சி மின்கட்டணம். எல்லோர் வீட்டிலும் இருக்கிற விஷயம் என்பதால் எடுத்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 2016-இல் இலவசமானது. அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை. இதில் ஒரு முடிச்சு உண்டு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடும். வேறு அட்டவணைக்குப் போய்விடுவோம்.

அவள் எழுதியது சுருக்கமாக இருந்தது. ஓடிய யூனிட்டை ஏ-யில் வாங்கினாள். இலவசம் போக மீதி வேண்டும் என்பதால் ஏ-யிலிருந்து 100 கழித்து, அதைத் திரும்ப ஏ-யிலேயே வைத்தாள். பிறகு ஏ 500-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து எந்த அட்டவணை என்று முடிவு செய்தாள். 300 போட்டால் சரியான பில் வந்தது. 700 போட்டாலும் சரி. நாங்கள் கொடுத்த 550-க்கு மட்டும் பில் குறைவாக வந்தது. அரை மணி நேரம் விலைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறாள். விலைகளில் பிழை இல்லை.

திரையில் ஏ-யைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல வேண்டாம். உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு."

"யூனிட்டு."

"எந்த யூனிட்டு?"

"கரண்ட்டு யூனிட்டுண்ணா."

"ஓடினது எல்லாமா, காசு கட்ட வேண்டியது மட்டுமா?"

வாயைத் திறந்தாள், மூடினாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். "இது வரைக்கும் மொத்தம் ஓடினது. இந்த வரிக்கு அப்புறம் காசு கட்ட வேண்டியது." அப்புறம் அவளாகவே, "அய்யோ அண்ணா, 500 தாண்டுச்சான்னு மொத்தத்தைல்ல பாக்கணும்! நான் கழிச்சதைப் பாத்துட்டு இருக்கேன்" என்றாள்.

அதுதான் பக். 550-இல் 100 கழித்தால் 450. 500-ஐத் தாண்டவில்லை என்று புரோகிராம் முடிவு செய்துவிடுகிறது. 501 முதல் 600 வரைக்கும் மட்டும் பில் தப்பாக வரும், மற்ற எந்த எண்ணைப் போட்டாலும் தெரியவே தெரியாது. நான் சொல்லிக் கொடுத்து அவள் கண்டுபிடிக்கவில்லை. ஏ-க்கு ஒரு பெயர் சொல்லப்போய், ஒரு பெயருக்குள் இரண்டு பொருள் இருப்பதை அவளே பார்த்தாள். ஏ என்று இருக்கும்வரை அது தெரியாது. இடுகுறிப்பெயருக்குள் எதை வேண்டுமானாலும் போட்டுவைக்கலாம், அது எதிர்ப்புச் சொல்லாது. காரணப்பெயர் எதிர்ப்புச் சொல்லும்.

பைத்தான் 3-இல் தமிழ் எழுத்திலேயே மாறிக்குப் பெயர் வைக்கலாம் என்பதை அன்றைக்குக் காட்டினேன். இப்படி எழுதினாள்:

மொத்த_யூனிட் = 550
கட்டண_யூனிட் = மொத்த_யூனிட் - 100

ஓடியது. அவள் முகத்தில் அப்போது வந்ததை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. "இது அலவ்டாண்ணா?" என்று கேட்டாள். திருட்டுத்தனம் செய்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

அலவ்டுதான். 2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்தே அலவ்டு. ஜாவாவிலும் முடியும். 'மொ' என்கிற எழுத்தை ஒருவர் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டி எழுதி, இன்னொருவர் ஒரே குறியாக எழுதினாலும் பைத்தான் இரண்டையும் ஒரே பெயராகவே எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். 'எழில்' என்று முழுக்கத் தமிழிலேயே ஒரு நிரல்மொழியும் இருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

*

தமிழில் பெயர் வைக்க ஆரம்பித்த பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஆம், இல்லை என்று இரண்டே மதிப்பு உள்ள மாறிகளுக்கு ஆங்கிலத்தில் முன்னால் 'இஸ்' என்று ஒட்டுவார்கள். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' போதும். 'ஐநூறு_தாண்டியதா', 'பணம்_கட்டியாச்சா'. கேள்வி மாதிரி இருக்கிற பெயருக்கு ஆம், இல்லை என்பதுதான் பதில். வேறு எதையும் அதற்குள் வைக்க மனசு வராது. பட்டியலுக்குக் 'கள்' சேர்த்தால் முடிந்தது. மதிப்பெண்கள் என்றால் பட்டியல், மதிப்பெண் என்றால் அதில் ஒன்று. மாறிக்குப் பெயர்ச்சொல், ஃபங்ஷனுக்கு வினைச்சொல். 'கட்டணம்' ஒரு மதிப்பு, 'கட்டணம்_கணக்கிடு' ஒரு வேலை. இதையெல்லாம் அவர்களுக்குத் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை. பேசுகிற மொழியிலேயே இருக்கிறது.

சிக்கலும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் பழைய கதை திரும்ப வரும். 'மொத்தம்' என்பதற்கு எத்தனை 'டி', எங்கே 'ஹெச்' என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்ட எல்லோரும் ஒப்புக்கொண்ட வழி கிடையாது. அதைவிடத் தமிழ் எழுத்தே மேல். அப்புறம், வேலைக்குப் போகிற இடத்தில் பெங்களூரிலும் போலந்திலும் இருப்பவர்கள் அதே ஃபைலைத் திறப்பார்கள். அங்கே ஆங்கிலப் பெயர்தான் வைத்தாக வேண்டும். இதை அவளிடம் மறைக்கவில்லை. ஆனால் 'கட்டண யூனிட்' என்று தெளிவாகத் தெரிந்தவளுக்கு அதன் ஆங்கிலச் சொல்லைத் தேடுவது அகராதி வேலை. என்ன பெயர் என்றே தெரியாதவருக்கு எந்த அகராதியும் உதவாது. முதலில் பொருள், பிறகு மொழிபெயர்ப்பு. நாம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு, இரண்டும் வராதபோது பிள்ளைகளுக்கு லாஜிக் வரவில்லை என்கிறோம்.

*

அப்படியானால் எல்லாப் பெயரும் நீளமாக இருக்க வேண்டுமா? இல்லை. வீட்டுக்குள் அம்மா "பெரியவனே" என்று கூப்பிட்டால் யார் என்று தெரியும். தெருவில் நின்று அப்படிக் கூப்பிட்டால் நாலு வீட்டுப் பெரியவன்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அங்கே பெயர் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் அதுவும் போதாது. இனிஷியல், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் வேண்டும். புரோகிராமிலும் அதே நியாயம். மூன்று வரி லூப்புக்குள் பிறந்து அங்கேயே முடிகிற மாறிக்கு 'ஐ' போதும். வரைபடத்தில் இருக்கிற புள்ளிக்கு எக்ஸ், ஒய் என்பதைவிட நல்ல பெயர் கிடையாது. ஒரு ஃபைலில் பிறந்து பத்து ஃபைல் தாண்டிப் போகிற மாறிக்கு முகவரியோடு பெயர் வேண்டும்.

பொதுப்பெயரிடமும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டேட்டா, வேல்யூ, டெம்ப், ரிசல்ட். இவையெல்லாம் பார்க்க அர்த்தமுள்ள சொற்கள் மாதிரி இருக்கும். ஆனால் புரோகிராமில் டேட்டா இல்லாதது எது? மரங்கொத்தி என்று சொல்ல வேண்டிய இடத்தில் பறவை என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

அளவையும் பெயரில் சேர்ப்பது நல்லது. 'காத்திருப்பு' 30 என்றால் 30 விநாடியா, நிமிடமா? 'காத்திருப்பு_விநாடி' என்றால் கேள்வியே இல்லை. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. பூமியில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு அளவில் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு மற்றொன்று ஏறக்குறைய 4.45 மடங்கு. ஒரு நல்ல பெயர் மட்டும் அந்த விண்கலத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், சோதனைகளில் கோட்டை விட்டது தனிக்கதை. ஆனால் வெறும் எண் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சொல்ல வேண்டியது பெயர்தான்.

காரணப்பெயருக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. காரணம் போன பிறகும் பெயர் நின்றுவிடும். நான் உட்கார்ந்து எழுதுகிற சுழல் நாற்காலிக்கு ஒரே கால்தான், அடியில் ஐந்து சக்கரம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி கிடையாது. அந்தப் பக்கம் பரந்து கிடந்த பெரிய ஏரியை 1920-களில் தூர்த்து தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கினார்கள். ஊரில் இது சுவாரசியம். புரோகிராமில் விபத்து. 'மதிப்பெண்கள்' என்று ஆரம்பித்த பட்டியலில் ஒருநாள் யாரோ ரேங்க்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற எல்லோரையும் அந்தப் பெயர் ஏமாற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றும் சொல்லாத ஏ-யைவிடப் பொய் சொல்கிற நல்ல பெயர் மோசம். ஆனால் தெருப் பெயரை மாற்ற அரசாணை வேண்டும், அப்புறமும் பஸ்ஸில் மவுண்ட் ரோடுக்குத்தான் டிக்கெட் கேட்பார்கள். மாறியின் பெயரை மாற்றுவது அப்படி இல்லை. விஎஸ் கோடில் எஃப்2 பட்டனைத் தட்டினால், எத்தனை இடத்தில் இருந்தாலும் மாற்றிக் கொடுத்துவிடும். எனவே முதல் தடவையே சரியான பெயர் வைத்தாக வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. புரிதல் மாறும்போது பெயரையும் மாற்றலாம்.

பெயரே தோன்றவில்லை என்றால்? இது அந்த வகுப்பில் வந்த கேள்விதான். 'தெரியல' என்றே பெயர் வைக்கச் சொன்னேன். சிரித்தார்கள். ஆனால் வைத்தார்கள். அடுத்த வாரம் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் 'தெரியல_1', 'தெரியல_2' என்று இருந்தன. யாருக்கு எது புரியவில்லை என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை, அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம். சிலவற்றுக்கு அன்றைக்கே பெயர் கிடைத்தது. ஒன்றிரண்டு, தேவையே இல்லாத மாறிகள் என்று தெரிந்து அழித்துவிட்டோம். கடைசியில் ஒரே ஒரு 'தெரியல' மட்டும் மிச்சம் இருந்தது. அது எனக்கும் உடனே பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அப்படியே விட்டுவைத்தோம்.